நான்காம் அளவுகோல், உட்பிரிவு இரண்டு

மண்டபம் வட்டார வள மையம்.
மூன்று நாள் பயிற்சி, முதல் நாள் காலை.
கச்சான் காற்று ஜன்னல் கொக்கியை
விடாமல் தட்டிக்கொண்டிருக்கிறது.
நாற்பத்தொரு பேர். மின்விசிறி இரண்டு.
வருகைப்பதிவுச் செயலிக்கு சிக்னல் வேண்டி
மாடிப்படியில் நின்று
கைப்பேசியை வானத்துக்குக் காட்டுகிறார்
தலைமையாசிரியர் சந்தியாகு.

கையேடு அறுபத்திரண்டு பக்கம்.
கருத்தாளர் வாசிக்கிறார்:
"ஒலியையும் வரிவடிவத்தையும் இணைப்பதை
ஆசிரியர் வெளிப்படையாகக் கற்பிப்பார்."
வெளிப்படையாக என்பதற்கு அடியில் கோடு போட்டேன்.
ஓரத்தில், சாயங்காலம் வாங்க வேண்டியது:
தேங்காய், கொசுவர்த்தி, ரீஃபில்.
பத்தொன்பது வருஷ சர்வீஸ்.
என்னிடம் இனி என்ன சொல்லிவிடுவார்கள்?

தேநீருக்குப் பிறகு ஆளுக்கொரு தாள்.
கோடுகள், கொக்கிகள், நடுவே ஒரு புள்ளி.
"நேற்று ராத்திரி நான் உண்டாக்கிய எழுத்து.
வாசியுங்கள். ஒவ்வொருவராக. சத்தமாக."

சிரித்தோம்.
ஹபீபா டீச்சர் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.
என் முறை வந்தபோது
முன்னால் இருந்தவர் உளறியதையே
கொஞ்சம் மாற்றி உளறினேன்.
"நல்லாப் பாரும்மா" என்றார் கருத்தாளர்,
வேண்டுமென்றே,
நான் வகுப்பில் சொல்லும் அதே இழுவையில்.
காது சுட்டது.
எனக்கு வயது நாற்பத்தாறு.

நல்லாப் பாரு, நல்லாப் பாரு.
பார்த்தால் வந்துவிடும் என்பதுபோல.

மூன்றாம் வகுப்பு ஜெனோவா
பதினாலாம் பக்கத்தை விரல் வைத்து வாசிப்பாள்,
ஒரு தடங்கல் இருக்காது.
போன ஆடியில் காற்று இரண்டு தாளைப் புரட்டிப்போட்டது.
விரல் புதுப் பக்கத்தில் நகர்ந்தது.
வாய் பதினாலையே சொன்னது.
நான் பார்த்தேன்.
பார்த்துவிட்டு "வெரி குட்" சொல்லி
நோட்டில் ஒரு நட்சத்திரம் போட்டேன்.
அந்த வாரம் ஆய்வு இருந்தது.

மதியம், புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தபடி
யாரோ சொன்னார்:
"நம்ம பிள்ளைகள் கடலையே படிக்கிற பிள்ளைகள் சார்."
கேட்க அழகாகத்தான் இருந்தது.
ஜெனோவாவின் அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர்,
பத்து விரலிலும் துணி சுற்றிக்கொண்டு.
ஏஜென்ட் தரும் சீட்டின் கடைசி வரியில்
'ஈரக்கழிவு' என்று இருக்கும்.
அதை அவருக்கு யாரும் வாசித்துக் காட்டியதில்லை.
அந்தச் சீட்டைக் கடல் எழுதவில்லை.

இரண்டாம் நாள் பலகையில் ஒரே எழுத்து.
க.
கடல். சங்கு. பகல்.
தொண்டையில் கைவைத்துச் சொல்லச் சொன்னார்கள்.
கடலின் வாசலில் அடைத்துத் திறந்தது.
சங்கில் அதிர்ந்தது.
பகலில் வெறும் மூச்சு.
பேசத் தொடங்கிய நாளிலிருந்து
மூன்றையும் சொல்லி வந்திருக்கிறேன்.
ஒருநாளும் கேட்டதில்லை.

'சங்க்கு' என்று வாசித்தான் ஒருவன்,
சகாயப்பிச்சை, என் நாலாவது வருஷத்தில்.
நான் சொல்லிக்கொடுத்தபடி வாசித்தால்
அப்படித்தான் வரும்.
ஸ்கேலின் விளிம்பால் மொழியில் தட்டினேன்.
வகுப்பு சிரித்தது, நானும்.
ஐந்தாவதோடு நின்றுவிட்டான்.
டோக்கன் கொடுக்கும் இடத்தில் எப்போதாவது எதிர்ப்பட்டால்
இன்றைக்கும் கைலியை இறக்கிவிட்டு
"வணக்கம் டீச்சர்" என்கிறான்.

கடைசி நாள் பின்னூட்டப் படிவம்.
பயிற்சி பயனுள்ளதாக இருந்ததா?
மிகவும். ஓரளவு. இல்லை.
நெடுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.
சந்தியாகு சார் அவசரப்படுத்தினார்,
ஐந்து மணி பஸ் போய்விடும்.
'மிகவும்'.

திங்கட்கிழமை.
பதினாலாம் பக்கத்தை மூடச் சொன்னேன்.
பலகையில் சங்கு.
ஜெனோவா பலகையைப் பார்க்கவில்லை,
என் வாயைப் பார்த்தாள்,
அதிலிருந்து ஏதாவது உதிருமா என்று.
உதட்டை இறுக்கிக்கொண்டேன்.
"தொண்டையில கை வை."

"ச" என்றாள்.
பாலத்தை நோக்கி ரயில் ஊதிக்கொண்டு போனது.
"சங்" என்றாள்.
அங்கேயே நின்றாள்.
நான் சொல்லிவிடாமல் இருப்பது
இவ்வளவு கஷ்டம் என்று
கையேட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

சத்துணவு மணி அடித்துவிட்டது.
எல்லோரோடும் ஓடினாள்,
ஒரு கையில் தட்டு,
மறு கை இன்னும் தொண்டையில்.